சத்தமே இல்லாத பரிசோதனை

அந்தக் காரை நான் வாங்கியது
வேகத்துக்காக அல்ல. தோல் இருக்கைக்காகவும் அல்ல.
கதவைச் சாத்தினால்
டூலூத் நகரமே வெளியே நின்றுவிடும்:
ஏரிக்காற்று, பனி வாரும் வண்டி,
இரும்புத்தாது ஏற்றிய கப்பலின் ஊதல்.
நாளெல்லாம் அடுத்தவர் காதுக்குள்
மெல்லிய பீப் ஒலிகளை அனுப்பிச்
சம்பாதிக்கிறவள் நான்.
மாலையில் எனக்கு ஒரு மௌனம் வேண்டியிருந்தது,
நான்கு சக்கரங்களின் மேல்,
மாதத் தவணையில்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி வாரன்ட்டி முடிந்தது.
இருபதாம் தேதி, முன்னால் இடது சக்கரத்தருகே
யாரோ நாக்கைச் சொடுக்குவதுபோல்
டக்.
வளைவில் மட்டும். குளிரில் மட்டும்.

டீலர்ஷிப்பின் தரை
எங்கள் மருத்துவமனைத் தரையைவிடச் சுத்தம்.
டெவின் ஸ்ட்ராண்ட் காபி தந்தான்,
இலவங்கப்பட்டை பிஸ்கட் தந்தான்,
பிறகு காகிதம் தந்தான்.
கன்ட்ரோல் ஆர்ம், இரண்டு பக்கமும்.
"ஒன்றை மட்டும் மாற்றினால்
மற்றது தாங்காது, மேடம்."
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர்.
யானை வாங்கியவள் அங்குசத்துக்கு அழலாமா?
கார்டை நீட்டினேன்.

வீடு திரும்பும் வழி,
பாலத்தில் ஏறும் வளைவு.
டக்.

நவம்பரில் ஸ்ட்ரட்.
"முன்பு சொன்னது தப்பில்லை, மேடம்.
அது மேல் அடுக்கு. இது அடுத்த அடுக்கு."
வெங்காயத்தை உரித்தது அவன்.
அழுதது நான்.
பழைய பாகத்தைக் காட்டச் சொன்னேன்.
குப்பை லாரி காலையிலேயே வந்துவிட்டுப் போனதாம்.

என் தொழிலில் ஒரு தந்திரம் இருக்கிறது.
கேட்காததைக் கேட்டதாகச் சொல்கிறவரைப் பிடிக்க
ஒலியே அனுப்பக் கூடாது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
முகத்தில் ஒன்றும் காட்டாமல்
காத்திருக்க வேண்டும்.
கை தானாக உயரும்.

டிசம்பரில் போய்ச் சொன்னேன்:
"பின்னால் வலது பக்கம் ஒரு முனகல்.
நாற்பது மைலைத் தாண்டினால்."
அங்கே எதுவும் முனகவில்லை.
காதை நம்பித்தான் எனக்குச் சோறு,
எனக்குத் தெரியாதா?

இரண்டு மணி நேரம். மூன்று பிஸ்கட்.
டெவின் டேப்லெட்டோடு வந்தான்.
"டெக்னீஷியன் ஓட்டிப் பார்த்துவிட்டார்.
வீல் பேரிங். ஆயிரத்து எண்ணூற்று அறுபது."
"சத்தம் கேட்டதா?"
"தெளிவாக."
"உங்களுக்கும்?"
"நானும் கூடத்தான் போனேன், மேடம்."

உயர்ந்தது கை.

மனதுக்குள் ஒரு தாளில் குறி போட்டேன்.
சாவியைத் திருப்பிக் கேட்டேன்.
பார்த்ததற்கு மட்டும் இருநூற்றுப் பத்து என்றான்.
கொடுத்தேன்.
இத்தனை தெளிவான முடிவை
பதினாறு வருடத்தில் எந்தக் காதும் தந்ததில்லை.

மறுநாள் லோர்னா கெஸ்டி வந்தாள்,
கப்பல் பட்டறையில் வெல்டர்.
ஹெட்போன் மாட்டி, வழக்கப்படி
நடுவில் ஒன்றும் அனுப்பாமல் இருந்தேன்.
பன்னிரண்டு நொடி. கையைத் தூக்கினாள்.
வெளியே வந்தபின் மெல்லக் கேட்டேன்.
சிவந்துபோனாள்.
"நீ அவ்வளவு நேரம் காத்துக்கொண்டிருந்தாய்.
ஏதாவது செய்யாவிட்டால்
உனக்குச் சங்கடமாக இருக்குமோ என்று."

டெவினுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ?
மாடிப்படி இறங்கும்வரை யோசித்தேன்.
கடைசிப் படியில் இருநூற்றுப் பத்து ஞாபகம் வந்தது.

ஐந்தரை மணிக்கே இருட்டு.
கதவைச் சாத்தினேன்.
காற்று போனது, கப்பல் போனது, ஊர் போனது.
பாலத்தில் ஏறும் வளைவு.

டக்.

காருக்குள் வேறு யாரும் இல்லை.
ஸ்டீயரிங்கிலிருந்து
ஒரு கையை எடுத்துத் தூக்கினேன்.